காது இல்லாத கடல் சாமி

ராயபுரத்தில் ரயில் ஏறியபோது காலியான மீன் கூடையோடு அந்தம்மா எனக்கு எதிரே உட்கார்ந்தார். நெற்றி நிறையக் குங்குமம், முழங்கையில் ஒட்டிக் காய்ந்த செதில்கள். வண்டி நின்ற ஒவ்வொரு ஸ்டேஷனிலும் போனை எடுத்து ஒரே நம்பருக்கு அடித்தார். ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ என்ற பதிவுக் குரலைக் கடைசி வரை கேட்டுவிட்டுத்தான் வைத்தார்.

நான் எழுதும் மாயாஜாலக் கதைக்காக ஒரு கடல் தெய்வத்தை வரைந்துகொண்டிருந்தேன். பார்த்தாலே குலை நடுங்க வேண்டும் என்று எட்டுக் கைகள், மூன்று வரிசைப் பற்கள். அவர் எட்டிப் பார்த்தார்.

“இன்னா நைனா இது?”

“கடல் சாமி, அக்கா. பயமா இருக்கா?”

“பல்லுக்கு யாரு பயப்படுவா? தெனம் சுறா அறுக்கறவ நானு. காது எங்க?”

வரைய மறந்திருந்தேன்.

“காது வெய்யி. நாம கூப்புடறத கேட்டுகினே கம்முனு கீது பாரு, அதான் பயம். வூட்டுக்காரரு மீன் புடிக்க லாஞ்சுல போயி ஆறு நாளாவுது. நாலு நாள்ல வரேன்னாரு.”

சாமிக்கு இரண்டு காதுகள் வரைந்தேன். விம்கோ நகரில் இறங்க எழுந்தவர் மறுபடி அந்த நம்பருக்கு அடித்தார். சட்டென்று என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

“ரிங்கு போவுது நைனா! லாஞ்சு டவருக்குள்ள வந்துட்ச்சு!”

அந்தப் பக்கம் எடுத்தார்களா என்று தெரிவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. பிளாட்பாரத்தில் கூடையைப் போட்டுவிட்டு, போனை இரண்டு கைகளாலும் காதோடு அழுத்திக்கொண்டு நின்றார்.

சாமியின் பற்களை அன்றே அழித்துவிட்டேன். எட்டுக் கைகளில் இரண்டு இப்போது காதருகே குவிந்திருக்கின்றன.