வராத நோயாளியைத் தேடி

குடும்ப டாக்டர் தொழிலில் நோயைக் கண்டுபிடிப்பதைவிட, கொடுத்த மருந்து வேலை செய்ததா என்று கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. சீனியரிடம் தொழில் பழகி விழி பிதுங்கிய சக டாக்டர்களே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் அம்பத்தூரில் ஒரு கைராசிக்கார டாக்டரிடம் பயிற்சிக்குச் சேர்ந்தேன். "உங்கள் வைத்தியத்தை நீங்களே தணிக்கை செய்யுங்கள், ஜூனியர்களுக்கும் கற்றுக்கொடுங்கள்" என்று டாக்டர்கள் கூட்டத்தில் யாரோ பேசிவிட, மறுநாளே எனக்குப் பாடம் ஆரம்பமாகிவிட்டது.

முதல் பாடம்

வந்த நோயாளிகளை எல்லாம் "என் வைத்தியம் எப்படி?" என்று கேட்டார் சீனியர். கையில் ஊசியோடு கேட்டால் யார் குறை சொல்வார்கள்? எல்லோரும் பிரமாதம் என்றார்கள். திருமுல்லைவாயில் பூக்கார அம்மாள் மட்டும் அவரை ஒரு மாதிரி பார்த்தார்.

"நல்லா இல்லைன்னா நான் இன்னாத்துக்கு சார் இங்க வந்துகினு கீறேன்? வேற டாக்டராண்ட போயிருக்க மாட்டேன்?"

குணமானவர் பட்டியல்

எனக்கு முனுசாமி ஞாபகம் வந்தது. தொழிற்பேட்டையில் லேத் மெஷின் வேலை, காசநோய். ஊசியை நடுவில் நிறுத்தினால் நோய் முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பும். அவனையோ சில வாரங்களாகக் காணோம். அவனையும் விசாரிக்கலாமே என்றேன். சீனியர் சிரித்தார், எனக்கு எரிச்சலாக வந்தது.

"இருமல் இருந்தா வந்திருப்பான்பா. வரலைன்னா குணமாயிட்டான்னு அர்த்தம்."

கள்ளிக்குப்பம் விஜயம்

என் நச்சரிப்பு தாங்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரை எடுத்தார். கள்ளிக்குப்பத்தில் முனுசாமி வீட்டுத் தெருமுனையிலேயே இருமல் கேட்டது. எலும்பும் தோலுமாக எழுந்து நின்றான் முனுசாமி. "ஏன்டா வரல?" என்று அதட்டினார் சீனியர். அவன் சொன்ன பதிலில் அவர் முகம் தொங்கிவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது.

"கம்பெனில சங்கு ஊதி நான் வெளிய வர்றதுக்குள்ள நீங்க கதவ சாத்திடுறீங்க. நான் இன்னா பண்றது டாக்டரே?"

விடியற்காலை கிளினிக்

மறுநாளிலிருந்து, ஆலைகள் திறக்கும் முன்பே கிளினிக் திறந்தது. முனுசாமியோடு, நாங்கள் குணமாக்கி அனுப்பியதாக நினைத்திருந்த இன்னும் சிலரும் இருமிக்கொண்டே வந்து சேர்ந்தார்கள். மாதங்கள் போயின. முனுசாமியின் கன்னத்தில் சதை பிடித்தது; சீனியர் கண்ணுக்குக் கீழே கருத்தது. கடைசி ஊசியன்று, சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கொட்டாவி விட்ட அவரை முனுசாமி மேலும் கீழும் பார்த்தான்.

"எனக்கு ஒண்ணும் இல்ல டாக்டரே. உங்களுக்குத்தான் ஒடம்பு சரியில்ல போலக் கீது."

தன் வைத்தியத்தைத் தானே தணிக்கை செய்தால் முதலில் போவது டாக்டரின் தூக்கம், அதற்குப் பிறகுதான் நோயாளியின் இருமல்.