கனகவல்லியின் நகம்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து நெசவாளி கனகவல்லியின் கட்டைவிரல் நகத்துக்குப் பயப்படாத பட்டுக்கடைக்காரர் எங்கள் ஊரில் கிடையாது. எந்தச் சேலையைக் கண்டாலும் ஓரத்து ஜரிகையைச் சுரண்டுவாள். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் அசல். தெரியாவிட்டால் கடைக்காரர் தொலைந்தார். மணமேடையில் கல்யாணப் பெண்ணின் கூறைச்சேலையையே சுரண்டிப் பார்த்த மகராசி அவள்.

அப்பேர்ப்பட்டவள், ஏழே நாளில் முகம் வெளுக்கும் என்று சந்தையில் விற்ற கிரீமை இரண்டு மாதமாகப் பூசினாள். முகம் வெளுக்கவில்லை, அரிப்புதான் வந்தது. டப்பாவை எடுத்துக்கொண்டு பியூட்டி பார்லர் துர்காவிடம் போனாள்.

துர்கா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"உள்ள என்ன கலந்திருக்குதுன்னு ஒரு வரி இல்லக்கா. இந்த மாதிரி கிரீம்ல பாதரசம் இருந்தா கிட்னியே கெட்டுப்போவும். ஊர் ஜரிகையெல்லாம் சுரண்டுறியே, இதச் சுரண்டிப் பாத்தியா?"

கனகவல்லிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அங்கேயே லேபிளைச் சுரண்டினாள். அடியில் இன்னொரு லேபிள்: 'குதிகால் வெடிப்புக்கு.'

துர்கா சிரித்த சிரிப்பில், பேஷியலுக்குப் படுத்திருந்த பெண் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். கனகவல்லியும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

மறுநாள் நேராகச் சந்தைக்குப் போனாள். கிரீம்காரன் கடைமுன் போய் நின்றாள். ஒரு டப்பாவை எடுத்து, எல்லோரும் பார்க்கச் சுரண்டினாள். குதிகால் எட்டிப் பார்த்தது. வாங்க நின்றிருந்த பெண்கள் ஆளுக்கொரு டப்பாவைக் கையில் எடுத்தார்கள்.

காஞ்சிபுரத்துப் பெண்களுக்குச் சுரண்டச் சொல்லியா கொடுக்க வேண்டும்!