பஸ் கூரையில் ஒரு பச்சை மூங்கில்

என் இரண்டு வாட் வானொலிப் பெட்டியை வெளியே தூக்கிப்போக எந்த ஆன்டெனா தோது என்று நம் வானொலிக் குழுவில் உங்களிடம் கேட்டிருந்தேன். குட்டை ஆன்டெனா இருக்கிற துளி சக்தியையும் தின்றுவிடும், நீளக் கம்பியை உயரத்தில் கட்டு என்றீர்கள்.

இந்தக் கரிசலில் எதில் கட்டுவது? உடைமரத்தில் எறிந்தால் கம்பி முள்ளோடு போச்சு.

அதனால் இன்று காலை சங்கரன்கோவிலில் ஒரு பச்சை மூங்கிலும் கயிற்றுச் சுருளும் வாங்கிக்கொண்டு கரிவலம்வந்தநல்லூர் பஸ் ஏறினேன்.

லக்கேஜ் டிக்கெட்டுக்குச் சண்டை போடத் தயாராக இருந்தேன். கண்டக்டரோ மூங்கிலைத் தானே கூரையில் கட்டிவிட்டு வந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்:

“யாரு அண்ணாச்சி தவறுனது?”

பாடை கட்டக் கொண்டுபோகிறேன் என்று நினைத்துவிட்டார்!

“யாரும் சாகல வே. இது ரேடியோவுக்கு.”

“பாட்டு கேக்கவா?”

“பேசுததுக்கு. எங்கயாவது இதே மாதிரி பெட்டி வச்சிருக்கவன் பதில் சொன்னா பேசலாம்.”

“ஏன், வீட்டுல பேச ஆளு இல்லியா?”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஊர் தாண்டி வெட்டவெளியில், கம்பி கட்டி நட்ட மூங்கில் அசையாமல் நின்றது. சாயங்காலம்வரை அழைத்துக்கொண்டே இருந்தேன். இரைச்சல்தான் வந்தது.

திரும்பும்போதும் அதே பஸ், அதே கண்டக்டர்.

“யாராவது பேசுனாவளா அண்ணாச்சி?”

இல்லை என்று தலையாட்டினேன். சில்லறையை எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டு, பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

நண்பர்களே, ஆன்டெனா இல்லாமல் கிடைத்த இந்தத் தொடர்பை, பதில் சொன்னவர்களைக் குறித்துவைக்கும் நம் கணக்கில் சேர்க்கலாமா, கூடாதா?