மாமா எழுந்து நின்ற மேட்னி

சீனச் சண்டை முடிந்து என் தாய்மாமா ஊர் திரும்பியபோது வலது காலில் மூன்று விரல்கள் இல்லை. பனி தின்றுவிட்டது என்றார் அம்மா. பனி எப்படி விரலைத் தின்னும் என்று கேட்டால் மாமா சிரிப்பாரே தவிரச் சொல்லமாட்டார். ஆனாலும் எங்கள் பள்ளிக்கூடத்திலேயே சண்டைக்குப் போய்வந்த மாமா எனக்கு மட்டும்தான் இருந்தார். அந்தப் பெருமையை நான் ஒருநாளும் வீணாக்கியதில்லை.

அந்தச் சண்டையைப் படமாக எடுத்திருக்கிறார்கள், திண்டிவனத்தில் ஓடுகிறது என்று அப்பா செய்தி கொண்டுவந்தார். இந்திப் படம். மாமாவும் அதில் வருவார் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஓமந்தூரிலிருந்து பஸ் ஏறி எல்லோருமாக மேட்னிக்குப் போனோம்.

எங்களில் இந்தி தெரிந்தவர் மாமா ஒருவர்தான். "இன்னாடா சொல்றான்?" என்று அம்மா கேட்கக் கேட்க, அவரும் சொல்லிக்கொண்டே வந்தார்.

"ஊருக்குப் போனா மொதல்ல அம்மா கையால துன்னணும்னு சொல்றான்க்கா."

பக்கத்தில் இருந்தவர்களும் இந்தப் பக்கமே காதைக் கொடுத்தார்கள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

பிறகு மலைமேல் சண்டை வந்தது. குண்டு தீர்ந்துபோன சிப்பாய்கள் ஒவ்வொருவராகப் பனியில் சாய்ந்தார்கள். மாமாவின் பேச்சு நின்றது. திடீரென்று எழுந்து, கைகளைத் தொடையோடு ஒட்டி விறைப்பாக நின்றுவிட்டார்.

"யோவ், ஒக்காருய்யா! தல மறைக்குது!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள். அம்மா சட்டையைப் பிடித்து இழுத்தும் மாமா அசையவில்லை. நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிற என் அப்பா எழுந்து திரும்பினார்.

"எங்க மச்சான் அந்த மலையில சண்ட போட்டவருங்க."

கூச்சல் அடங்கியது. "நிக்கட்டும் உடுங்கப்பா" என்றார் இருட்டில் யாரோ. நான் பெஞ்சின்மேல் ஏறி மாமாவை ஒட்டி நின்றுகொண்டேன். அப்போதுதான் அவர் முணுமுணுப்பது காதில் விழுந்தது. திரையில் ஒருவன் விழும்போதெல்லாம் ஒரு பெயர். பல்பீர். ஏழுமலை. தாமஸ்.

மறுநாள், படம் பார்த்த அண்ணன்காரனிடம் விசாரித்துவிட்டு வந்த ஒருத்தி வகுப்பில் என்னை மடக்கினாள்: "உங்க மாமா படத்துல எங்கியுமே வரலியாமே?"

நான் தலை நிமிர்ந்து சொன்னேன்: "வராட்டி இன்னாடீ? அதுல செத்துப்போறாங்களே, அந்த நடிகருங்க பேரெல்லாம் எங்க மாமாவுக்கு மனப்பாடம்!"