பினாயில் குடித்த தொட்டி

என் வீட்டுக்காரர் அளவுக்குச் சுத்தம் பார்க்கிற மனிதர் கோழிப்பண்ணை வைக்கவே கூடாது. தொடங்கும்போதே இதைச் சொன்னேன். யார் கேட்டார்கள்? வளைகுடாவில் ஓர் ஆஸ்பத்திரியின் துப்புரவுப் பிரிவில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு ஊருக்கு வந்தவர், தோவாளைக்கு அந்தப் பக்கம் எங்களுக்கு இருந்த கொஞ்ச நிலத்தில் கூண்டு அடித்து முட்டைக்கோழி விட்டார். முட்டை வடசேரிக் கடைகளுக்குப் போனது. கழிவு எங்கும் போகவில்லை. கூண்டுக்கு அடியிலேயே கிடந்து நாறி, அக்கம்பக்கத்துக்கெல்லாம் ஈயை அனுப்பிக்கொண்டிருந்தது.

எங்கள் வேலியை ஒட்டி ஓர் அக்காவின் பூத்தோட்டம். பிச்சியும் கேந்தியும் போட்டிருந்தாள். பறித்த பூவைக் கடகப்பெட்டியில் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போகிற வழியில் ஒருநாள் என்னைக் கூப்பிட்டாள்.

“கோயிலுக்குப் போற பூவுல ஈ மொய்க்கு மக்கா. வாங்க வாறவன் மூக்கைப் பொத்துகான். நான் என்ன செய்யதுக்கு, நீயே சொல்லு.”

நான் என்ன சொல்ல? அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் உடனே குழாயைத் திறந்து, பண்ணை முழுக்கத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார். காய்ந்து கிடந்தால் கோழிக்கழிவு ஓரளவு சும்மா கிடக்கும். நனைத்தால் தீர்ந்தது கதை. நாற்றம் இரண்டு பங்கானது, ஈ நாலு பங்கானது. அதைப் பார்த்துவிட்டு அவர் இன்னும் கழுவினார். அக்கா மனு கொடுத்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் மனு எழுதிக்கொண்டிருக்க மாட்டேன், வேலியைத் தாண்டி வந்திருப்பேன்.

விசாரிக்க வந்த அதிகாரி கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டே பேசினார். கழிவுக்கு ஒரு வழி பண்ணுங்கள், மறுபடி வந்து பார்ப்பேன், இப்படியே இருந்தால் மூடச் சொல்லித்தான் எழுத வேண்டிவரும் என்றார்.

மூடினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இவருடைய பழைய மேற்பார்வையாளர் ஒரு மலையாளி. வேலை இருக்கிறது, எப்போது வருகிறாய் என்று அவ்வப்போது போனில் கேட்டுக்கொண்டே இருந்தார். பண்ணை போனால் இவர் மறுபடியும் விமானம் ஏறுவார். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் இவரை விட்டுவிட்டு நான் தனியாகத் திரும்பியதெல்லாம் போதும். எல்லையில் இருக்கும் பாறசாலை வரும்வரை அழுவேன். அதற்கப்புறம் வீடு வரும்வரை கோபப்படுவேன். இன்னொரு தடவை அந்தச் சாலையில் என்னால் அப்படி வர முடியாது. கோழிகள்மேல் எனக்குப் பெரிய பாசமெல்லாம் கிடையாது. இந்த மனிதர் வீட்டில் இருக்க வேண்டும், அதற்குக் கோழி இருந்தாக வேண்டும். அவ்வளவுதான்.

அப்படித்தான் எரிவாயுத் தொட்டி கட்டினோம். கட்டித் தந்தவர் பொறுமையாக விளக்கினார். கழிவைத் தண்ணீரில் கரைத்து உள்ளே விட்டால், காற்றுப் புகாத தொட்டிக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் அதைத் தின்று வாயு விடும். வாயுவில் அடுப்பு எரிக்கலாம். மறுபக்கம் வழிந்து வரும் கரைசலில் அவ்வளவு நாற்றம் இருக்காது, ஈ மொய்க்காது, செடிக்கு நல்ல உரம். முதலில் உறை ஊற்றுகிற மாதிரி மாட்டுச்சாணம் கரைத்து விட வேண்டும். இவ்வளவும் கேட்டு எனக்கு நிம்மதியாக இருந்தது.

அந்த நிம்மதி கொழுந்தன் வந்து பார்க்கும்வரைதான். அவன் தொட்டியைப் பார்க்கவே இல்லை, அது இருந்த தென்மேற்குத் திசையைத்தான் பார்த்தான்.

“மைனி, கன்னிமூலையில கொண்டு போய்க் குழி தோண்டி வச்சிருக்கியளே! கன்னிமூலையில குழி இருந்தா வீட்டுல ஆம்பள தங்க மாட்டான், தெரியாதா?”

இவர் மறுபடி விமானம் ஏறுவதுதான் என் கண்முன் வந்தது. அதை வெளியே காட்டிக்கொள்ளாமல், கோழிக்கூண்டு இருக்கிற இடத்தில்தானே தொட்டி வரும், உங்கள் அண்ணனை வேறு திசையில் கோழி வளர்க்கச் சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன்.

வாயு வரத்தான் செய்தது. அடுப்பில் நீலமாகத் தீ எழும்பியதைப் பார்த்து இவர் சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தார். முதல் தீயில் சாயா போட்டுக் கொழுந்தனுக்கு நீட்டினேன். “கோழிப்பீயில போட்ட சாயா எனக்கு வேண்டாம் மைனி” என்று தம்ளரைத் தொடாமலே எழுந்து போனான். போகட்டும், ஒரு தம்ளர் மிச்சம்.

கொஞ்ச காலம் நன்றாக எரிந்தது. பிறகு தீ சிறுத்தது. மஞ்சளானது. ஒருநாள் அடுப்பின் திருகைத் திறந்தால் உஸ் என்று ஒரு சத்தம், அதோடு சரி. மறுபக்கம் வந்த கரைசல் பழையபடி நாறியது. கட்டித் தந்தவருக்குப் போன் செய்தால் கழிவு கூடுதலாகப் போட்டீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் குறைவாகப் போட்டிருப்பீர்கள் என்றார். எனக்கு வந்த கோபத்தில் போனைக் கரைசலுக்குள் எறிந்திருப்பேன். கொழுந்தன் ஓடிவந்து, “நான் அப்பமே சொன்னேன்லா” என்றான். இதைச் சொல்வதற்காகவே காத்திருந்தவன் மாதிரி அவன் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

அதைவிடக் கொடுமை, இவரும் அதை நம்பத் தொடங்கினார். தொட்டியை இடித்துவிட்டு வேறு மூலையில் கட்டலாமா என்று கேட்டார். அதற்குள் அதிகாரி மறுபடி வரப்போகிறார் என்று தகவல் வந்தது. தினமும் ஒரு தடவை பண்ணையைக் கழுவிக்கொண்டிருந்தவர் காலையிலும் மாலையிலும் கழுவ ஆரம்பித்தார். யார் என்ன சொன்னாலும் குழாயை விடவில்லை.

காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்குப் பெரிய மூளை எதுவும் தேவைப்படவில்லை, மூக்கு போதுமாக இருந்தது. கழிவு கரைக்கிற குழியை எட்டிப் பார்க்கப் போனேன். தண்ணீர் பால் மாதிரி வெளுத்துக் கிடந்தது. கோழிக்கழிவு வாசனைக்கு நடுவே ஆஸ்பத்திரி வராந்தா வாசனை. பண்ணையைக் கழுவுகிற தண்ணீர் ஓடை வழியாக நேராக அந்தக் குழிக்குத்தான் வருகிறது. கழுவுவது தண்ணீரால் மட்டும் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. தீவன மூட்டைகளுக்குப் பின்னால் பார்த்தால் பினாயில் கேன்கள், பிளீச்சிங் பவுடர். ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கே போதும்.

கக்கூஸில் பினாயிலை அள்ளி ஊற்றினால் செப்டிக் டேங்க் கெட்டுப்போகும் என்று எங்கள் பக்கம் தெரியாத வீடு இல்லை. இவருக்கும் தெரியும். வீட்டுக் கக்கூஸில் ஒரு சொட்டுக்கு மேல் ஊற்ற விடமாட்டார். இங்கே மட்டும் குடம் குடமாக ஊற்றி, வாயு விடவேண்டிய அத்தனை உயிரையும் கொன்றிருக்கிறார்.

“இஞ்ச வாங்க! தொட்டிக்குள்ளயும் நேரா ஊத்துனியளா?” என்று கத்தினேன். என் சத்தத்தில் கோழிகள் எல்லாம் ஒன்றாகக் கொக்கரித்தன.

“கொஞ்சம்போல. அதிகாரி எப்பம் வேணும்னாலும் வருவாருல்லா, நாத்தம் வராண்டாம்னு.”

“நாத்தத்தைத் தின்னத்தானே தொட்டி கட்டினோம்? அதுக்கே வெசம் வச்சா எப்படித் தின்னும்? உங்களுக்கு என்ன பைத்தியமா?”

அவர் ஹோஸைக் கையில் பிடித்தபடியே நின்றார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்.

“அங்க ஒரு வார்டுல நாத்தம்னு ஒருத்தன் சொல்லிட்டாப் போரும். அடுத்த பிளைட்டுல ஏத்தி விட்டுருவான். எத்தன பேரு அப்படிப் போறதைப் பாத்திருக்கேன் தெரியுமா? இஞ்சயும் நாத்தம்னுதான சொல்லுகாவ. கை சும்மா நிக்கமாட்டேங்கு பிள்ளே.”

கேட்கப் பாவமாக இருந்தது. கோபம் மட்டும் போகவில்லை. “அங்க நாத்தத்துக்கு அனுப்பினான். இஞ்ச உங்க சுத்தமே உங்கள அனுப்பிரும்” என்று சொல்லிவிட்டு, கேன்களை எல்லாம் தூக்கிக்கொண்டு போய் வீட்டுக்குள் பூட்டினேன். கழுவுகிற தண்ணீர் குழிக்குப் போகாதபடி ஓடையையும் வேறு பக்கம் திருப்பினேன்.

கெட்ட கரைசலை ஆள் வைத்து வெளியேற்றி, தள்ளி ஒரு பள்ளத்தில் போட்டு மூடினோம். மறுபடி உறை ஊற்றச் சாணம் வேண்டும்; முதல் தடவை கட்டித் தந்தவரே கொண்டுவந்திருந்தார். அக்கம்பக்கத்தில் மாடு இருப்பது அக்கா வீட்டில்தான். எங்கள்மேல் மனு கொடுத்தவளிடமே போய் நிற்கிற நிலைமை. போய் நின்றேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“என் மாட்டுச் சாணிய உன் கோழிப்பீயில கரைக்கப் போறியா?”

“ஆமாக்கா.”

“ஈ போயிருமா?”

“போகலேன்னா நானே பண்ணைய மூடுகேன்.”

“அப்பம் வாளியக் கொண்டா.”

அதற்குப் பிறகு காத்திருந்த நாட்கள் இருக்கிறதே, அதைப் போல என்னை எதுவும் படுத்தியதில்லை. தொட்டி தன் பாட்டுக்கு வேலை செய்யும். இவர் வேலை செய்யாமல் இருக்க வேண்டும், அதுதான் பெரும்பாடு. குழாய்ப் பக்கம் போகும்போதெல்லாம் நான் பின்னாலேயே போவேன். எதற்கு வருகிறாய் என்பார். தாகம் என்பேன். ஒருநாள் திருகைத் திறந்தபோது தீ மறுபடியும் நீலமாக எழுந்தது. அதற்கப்புறம் அணையவில்லை.

அதிகாரி வந்தார். அக்காவும் வேலியோரம் வந்து நின்றாள். அடுப்பைப் பற்றவைத்துக் காட்டினேன். வெளியே வந்த கரைசலை அவர் குனிந்து பார்த்தார். “இப்பம் ஈ கொறவுதான் சார். இந்தத் தண்ணிய என் கேந்திக்கும் கேட்டு வச்சிருக்கேன்” என்றாள் அக்கா. பிறகு கூண்டுகளுக்கு நடுவே நடந்த அதிகாரி, நின்று, மூக்கைச் சுருக்கினார்.

“நாத்தம் கொஞ்சம் இருக்கே?”

இவர் முகம் வெளிறிவிட்டது. கால் தானாகக் குழாய்ப் பக்கம் திரும்பியது. பின்னால் நின்று அவர் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் எல்லாம் போச்சு என்று எனக்குப் பயம். இவர் காலைக் குழாய்ப் பக்கமிருந்து திருப்பினார். பிறகு நிமிர்ந்து, நான் அதுவரை கேட்டிராத ஒரு நிதானத்தோடு சொன்னார்.

“கோழி இருக்க எடம் சார். கொஞ்சம் இருக்கும்.”

அதிகாரி அவரை ஒருமுறை பார்த்துவிட்டு, “அது சரிதான்” என்று தலையாட்டிக்கொண்டு நடந்தார். நான் சட்டையை விட்டேன். விமானத்தை விட்டு இறங்கி எத்தனையோ காலம் கழித்து, அன்றைக்குத்தான் அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.