மூன்றாவது தாவல்

தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூரில் ஒரு நடனக் குழுவில் இருந்தேன். பரதமும் இல்லை, சினிமா ஆட்டமும் இல்லை. வெளிநாட்டில் இரண்டரை மணி நேரம் மிதந்து மிதந்து ஆடும் பழைய பாலே நடனம் ஒன்றை எடுத்து, நாற்பது நிமிடத்துக்குள் அடைத்து, வெறுங்காலோடு பேய் வேகத்தில் ஆடினோம். காதல், சாபம், சாவு எல்லாம் உண்டு. மூச்சு விடத்தான் நேரமில்லை. ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்துக்காரர்களுக்கு விளக்கி ஓய்ந்துபோய், கடைசியில் "எக்சர்சைஸ் மாதிரி" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன்.

என்னைச் சேர்த்ததே தூக்குவதற்காக. ஜிம் உடம்பு. என் ஜோடி பணக்கார ரிச்சர்ட்ஸ் டவுன்காரி, ஏழு வயதிலிருந்து பாலே கற்றவள். மூன்றாவது தாவலில் அவள் மேடையின் மறுகோடியிலிருந்து ஓடிவந்து, கடைசி நொடியில் முதுகைத் திருப்பி, பார்க்காமலே பின்பக்கமாகப் பாய்வாள். நான் அவளைத் தலைக்கு மேலே ஏந்த வேண்டும்.

நிகழ்ச்சிக்குப் பத்து நாள் இருக்கும்போது என் வலது தோள் பிசகியது. யாரிடமும் சொல்லவில்லை. வெளிநாட்டிலிருந்து சிலர் பார்க்க வருகிறார்கள், பிடித்தால் குழுவையே அழைத்துப்போவார்கள் என்று பேச்சு. என் இடத்துக்கு இன்னொருவன் தயாராக நின்றான். வலி மாத்திரையை விழுங்கிவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் தொழிலில் 'மார்க் பண்ணுவது' என்று ஒரு வழக்கம். உடம்பை மிச்சம் பிடிக்க, ஒத்திகையில் தாவாமல் நடந்து வருவது, தூக்காமல் கையை மட்டும் காட்டுவது. யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். பத்து நாளும் மூன்றாவது தாவலை மார்க் பண்ணியே ஓட்டினேன். அதற்குள் டைரக்டர் இசையின் வேகத்தை இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஏற்றிக்கொண்டே போனார்.

நிகழ்ச்சியன்று மதியம் மேடையில் அவள் கேட்டாள்.

"ஒரே ஒரு வாட்டி ஃபுல்லா பண்ணிடலாம்டா. இந்த ஸ்பீட்ல நாம ட்ரை பண்ணவே இல்ல. பயமா இருக்கு."

"சும்மா இரு. ஷோவுக்குத் தெம்பு வேணாமா? மார்க் பண்ணா போதும்."

"பிடிச்சிடுவ இல்ல?"

"எப்ப விட்டிருக்கேன்?"

அந்தப் பதிலுக்கு என்னைச் செருப்பால் அடித்திருக்க வேண்டும். அவள் சிரித்துவிட்டுத் தலைவாரப் போனாள்.

மாலையில் அவள் மிகச் சரியான நேரத்தில் பாய்ந்தாள். என் இடது கை எழுந்தது. வலது கை தோளுக்கு மேலே வரவில்லை. அவள் இடுப்பு என் விரல்களில் பட்டு வழுக்கி, மேடைப் பலகையில் முதுகு அடிபட விழுந்தாள். இசையையும் மீறி அந்தச் சத்தம் கேட்டது. அரங்கம் கைதட்டியது. எங்கள் ஆட்டத்தில் விழுவதும் எழுவதும் ஏராளம். இதையும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

அவள் எழுந்து, மிச்சமிருந்த பன்னிரண்டு நிமிடத்தையும் ஆடி முடித்தாள். குனிந்து வணங்கும்போது என் கையைப் பிடித்திருந்தாள். அவள் விரல்கள் சில்லிட்டிருந்தன. திரை மூடியதும் அப்படியே சரிந்தாள்.

முதுகெலும்பில் விரிசல், இனி ஆட்டத்தை மறந்துவிட வேண்டியதுதான் என்றார் டாக்டர். கட்டிலருகே நின்று டைரக்டர் கேட்டார், "எங்க தப்பாச்சு?"

"நான்தான் சார். சீக்கிரம் ஜம்ப் பண்ணிட்டேன்" என்றாள்.

என்னைக் காப்பாற்றுவதற்காக அவள் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நம்பினாள். "சாரிடா" என்று என்னிடமும் சொன்னாள். நான் வாயைத் திறக்கவில்லை.

வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு ஆட்டம் பிடித்துப்போனது; குழுவை அழைத்தார்கள். எல்லாவற்றையும்விட அவள் விழுந்த அந்தக் கட்டம் பிடித்ததாம். என் தோள் ஆறிய பிறகு, புது ஜோடியுடன் ஒத்திகை தொடங்கியது. அந்தப் பெண்ணுக்கு அடிபடாமல் விழ ஒரு மாதம் பயிற்சி கொடுத்தார்கள். டைரக்டர் என்னிடம் வந்து, "கையைத் தூக்கு, பிடிக்காதே. அன்னிக்குப் பண்ணின மாதிரியே பண்ணு" என்றார்.

வெளிநாட்டில் எட்டு ஊர்களில் அப்படியே செய்தேன். ஓர் ஊரில்கூடத் தவறவில்லை.