நான் ஆமென் சொல்லாத காலை

திருவொற்றியூரில் இறால் உரிக்கும் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் இருந்தேன். என் கை வேகத்துக்கு இன்னொருத்தி அங்கே வந்ததில்லை. இப்போது அந்த வேலைக்குப் போகிற பெண்களுக்காக இதைச் சொல்கிறேன்.

ஒரு மதியம் ஃப்ரீசர் ரூமில் அமோனியா கசிந்தது. ஐஸ் பிடிக்க வைக்கிற கேஸ் அது. கண் எரிந்தது, மூச்சு அடைத்தது. முன்வாசலுக்கு ஃப்ரீசர் ரூமைத் தாண்டித்தான் போகவேண்டும். அதனால் நாற்பது பேரும் பின்கதவுக்கு ஓடினோம். பூட்டு. இறால் திருடு போகிறது என்று முதலாளி ஐந்து மாதமாக வெளியே பூட்டுப் போட்டிருந்தார். என் மருமகள் லில்லி இரண்டு கையாலும் கதவை அடித்தாள். மெக்கானிக் வால்வை மூடியதால் பிழைத்தோம்.

மறுநாளும் பூட்டு அப்படியே தொங்கியது.

முதலாளி தூத்துக்குடிக்காரர், எங்கள் சபைதான். தப்பு செய்தவரிடம் முதலில் தனியாகப் போய்ச் சொல்லவேண்டும் என்று சபையில் கேட்டிருக்கிறேன். ஆபீஸ் ரூமுக்குப் போனேன்.

"மொதலாளி, பின்கதவுப் பூட்ட எடுத்துடுங்க. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா நாங்க பொணம்."

"அதான் ஒண்ணும் ஆகலல்லா? ரோசம்மா, ஒனக்கும் மருமவளுக்கும் வேலை வேணுமா, வேண்டாமா?"

வீட்டில் எங்கள் இரண்டு சம்பளம்தான். இறால் மேஜைக்கே திரும்பினேன்.

"போசொல்ல சிங்கம் மாதிரி போன, வர்சொல்ல நனைஞ்ச கோழி மாதிரி வர்றியே அத்தே" என்றாள் லில்லி.

அடுத்த நாள் காலை. ஷிஃப்ட் தொடங்குமுன் முதலாளி ஜெபம் செய்வார், நாங்கள் ஆமென் சொன்ன பிறகுதான் இறாலில் கை வைப்போம். அது கம்பெனி வழக்கம்.

"ஆண்டவரே, இந்தப் பிள்ளைகள எந்த ஆபத்தும் அண்டாமக் காத்துக்கிடும்" என்று முடித்தார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். எனக்கு வாய் வரவில்லை.

"ரோசம்மா, ஒன் சத்தத்தக் காணோமே?"

லில்லி பின்னாலிருந்து புடவையை இழுத்தாள்.

"கதவ நீங்க பூட்டிட்டு, காப்பாத்துற வேலைய மட்டும் ஆண்டவராண்ட குடுக்குறீங்க. அதுக்கு இன்னான்னு நான் ஆமென் சொல்றது, மொதலாளி?"

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அவர் என்னைப் பார்க்காமல் வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் பின்கதவு திறந்தது. வெயில் உள்ளே வந்தது. பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அதற்கப்புறம் ஒரு மாதம் என்னிடம் பேசவில்லை.

சொல்லி முடிக்கும் வரை எனக்குப் பயம் போகவில்லை. உங்களுக்கும் போகாது. பயத்தோடேயே சொல்லிவிடுங்கள். நான் அதைத் தாமதமாகத்தான் சொன்னேன். ஐந்து மாதமும் அந்தப் பூட்டைப் பார்த்துக்கொண்டே, எல்லோரையும்விட உரக்க ஆமென் சொன்னவள் நான்தான்.